பிச்சைக்காரர் அறையில் ஒரு கடைவாய்ப் பல்

ஜெச்சன்,
ஜனவரி 17, புதன்கிழமை.

அன்புள்ள அண்ணன் சுங்மோவுக்குத் தங்கை நாரே எழுதுவது.

இங்கே முப்பத்திரண்டில் முப்பத்தொரு பங்கு நலம். அங்கே நீ முழுசாக நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

மிச்சமிருக்கிற அந்த ஒரு பங்கு, அம்மாவின் இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல். அது உள்ளுக்குள் அழுகிக்கொண்டிருக்கிறது. இந்த மாதத்துக்குள் வைத்தியம் பார்த்தால் வேர் பிழைக்கும், தாண்டினால் பிடுங்கத்தான் வேண்டும் என்று பல் மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மா போக மாட்டேன் என்கிறாள். அவள் போகாததற்குப் பாதிக் காரணம் நீ, பாதிக் காரணம் நான். அம்மாவுக்கு ஒரு காரணமும் இல்லை, பல் மட்டும்தான் இருக்கிறது. சனிக்கிழமை பட்டாளப் பயிற்சி முகாமில் உங்கள் பிரிவுக்குப் போன் கொடுப்பதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தாக வேண்டும். நாளைக் காலையில் தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று தபால் நிலையத்து அக்கா சொன்னார். வராவிட்டால் அவரை நீயே சுட்டுவிடு, உன்னிடம்தான் துப்பாக்கி இருக்கிறதே.

தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்காதே. அது என் கணக்குத் தேர்வுத் தாள். புதுத் தாள் எடுக்க அம்மா விடவில்லை. ஒரு பக்கம்தானே எழுதியிருக்கு, மறுபக்கம் சும்மாதானே கிடக்கு என்றாள். பார்த்துவிட்டாயா? சரி, நாற்பத்தொன்று. சிரித்து முடித்துவிட்டு இந்தப் பக்கம் வா. உறையும் கேஸ் பில் வந்த உறைதான், உட்புறத்தை வெளியே திருப்பி நானே ஒட்டினேன். பிரிவுத் தலைவர் கேட்டால் எங்கள் வீட்டில் கடிதம்கூடக் கரணம் அடித்துத்தான் வரும் என்று சொல்.

முதலில் வீட்டின் தட்பவெப்பம். விடுமுறைக்குப் பள்ளிக்கூடத்தை மூடிய அன்றே அம்மா, தரையைச் சூடாக்குகிற பாய்லரில் 'வெளியே' பொத்தானை அழுத்திவிட்டாள். பள்ளிச் சமையற்கூடத்தில் விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது, குளிர்காலம் வந்தால் அவள் கையை இறுக்குவாள் என்பதெல்லாம் நமக்குப் பழக்கம்தான். ஆனால் ஆளில்லாத வீட்டில் குழாய் உறைந்து வெடிக்காமல் இருப்பதற்காக வைத்த பொத்தான் அது. நாங்கள் இருவரும் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே இருபது நாளாக வெளியே போயிருக்கிறோம். தரையில் கால் வைத்தால் தரைதான் நம் காலில் சூடு காய்கிறது. குளிர் வராமல் சன்னலில் ஒட்டிய குமிழ்த்தாளில் ஒரு குமிழை உடைத்ததற்கு, அந்தக் குமிழுக்குள்ள எவ்வளவு கேஸ் காசு இருந்துச்சு தெரியுமா என்று திட்டு விழுந்தது.

மற்றவற்றையும் கேள். சமையல் கழிவை எடை பார்த்துக் காசு பிடிக்கிற பெட்டிக்குப் போகுமுன், ஆரஞ்சுத் தோலையெல்லாம் என் அறையில் செய்தித்தாள் விரித்துக் காயவைக்கிறாள். ஈரம் போனால் எடை போகுமாம். நூலகத்தில் பக்கத்து நாற்காலிப் பெண் என் சட்டை வாசனையை மோந்துவிட்டு, ஜூஸ் எங்கே விற்கிறார்கள் என்று கேட்டாள். குப்பைப் பையைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பதால், இருபது லிட்டர் பையில் முப்பது லிட்டரைத் திணித்துவிட்டு என்னை மேலே ஏறி நிற்கச் சொல்கிறாள். இந்த வீட்டில் என் எடைக்கு மதிப்பு இருக்கிற ஒரே இடம் அந்தப் பை. ஒரே பார்லியை மூன்று தடவை கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். முதல் கொதி டீ, இரண்டாம் கொதி டீயின் ஞாபகம், மூன்றாம் கொதி வெந்நீர்தான், ஆனால் வெந்நீருக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது போல இருக்கும். பற்பசைக் குழாயை நீளவாக்கில் கத்தரித்து, உள்ளே தூரிகையை விட்டு வழித்து இன்னும் எட்டு நாள் ஓட்டினாள். பற்பசைக்கு அவ்வளவு பாடுபட்டவள் பல்லை விட்டுவிட்டாள், அண்ணா. எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

இனி என் பாதியைச் சொல்கிறேன். இதைப் படிக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்க வேண்டாம்.

அம்மாவின் சிக்கனத்தின் மேல் எனக்கு எரிச்சல் ஏறி ஏறி, அதை யார் தலையிலாவது கொட்டவேண்டும் போல இருந்தது. அப்போதுதான் போனில் அந்த அரட்டைக் குழுவைப் பார்த்தேன். 'ஜெச்சன் பிச்சைக்காரர் அறை' என்று பேர். நம் ஊர்க்காரர்கள் இருநூறு பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கும் நிஜப்பேர் கிடையாது. எதை வாங்குவதற்கு முன்னாலும் அங்கே கேட்கவேண்டும். கேட்டால் எல்லாரும் சேர்ந்து கிண்டலடித்துத் திட்டுவார்கள், வெட்கப்பட்டு வாங்காமல் விட்டுவிடுவோம், காசு மிச்சம். அறை என்று சும்மா பேர் வைக்கவில்லை, உள்ளே போனால் அறைதான். கஞ்சனை உப்பு என்று சொல்கிற ஊரில் என்ன பேர் வைத்துக்கொள்வது? 'உப்பு மூட்டை' என்று வைத்துக்கொண்டேன்.

வாய்க்கு இப்படி ஒரு வேலை கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. காப்பி வாங்கட்டுமா என்று ஒருவர் கேட்டார். உங்க ஆபீஸ்ல தண்ணி சும்மா கிடைக்குது, கசப்பும் சும்மா கிடைக்குது, ரெண்டையும் கலந்து குடிங்க என்றேன். காதலனுக்குப் பிறந்தநாள் கேக் வாங்கலாமா என்று ஒரு அக்கா கேட்டார். பையனை விட்டுடுங்க, பிறந்தநாள் தானா போயிடும் என்றேன். மூன்றே நாளில் எனக்கு மரியாதை ஏறிவிட்டது. ஏதாவது கேள்வி வந்தால், உப்பு மூட்டை என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று காத்திருந்தார்கள். இந்த வீட்டில் என் பேச்சை யார் கேட்டார்கள்? அங்கே இருநூறு பேர் கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் 'மூன்றாம் கொதி' என்று ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். எல்லாரையும் 'அவர்களே' என்று போட்டுத்தான் எழுதுவார். வழுக்கைத் தலையும் கம்பளிக் குல்லாயுமாக ஒரு மாமா என்று நானே மனதில் உருவம் கொடுத்து வைத்திருந்தேன். மூன்றாம் கொதி என்ற பேரைப் பார்த்த உடனே என் மூளைக்கு எட்டியிருக்க வேண்டும். எட்டவில்லை. ஊரில் நாம் மட்டுமா பார்லியைச் சாகடிக்கிறோம் என்று நினைத்துவிட்டேன்.

நீ கிளம்பிய மூன்றாம் நாள் அவர் ஒரு கேள்வி போட்டார். அதை நான் இப்போது மனப்பாடமாகவே சொல்வேன்:

"கடைவாய்ப் பல் ஒண்ணு ரொம்ப நாளா வலிக்குது. வேரைச் சுத்தம் பண்ணி மேல உறை போடணுமாம், உறைக்கு மட்டும் அஞ்சு லட்சம் வொன் சொல்றாங்க. இந்த மாசம் வேற ஒரு முக்கியமான செலவு இருக்கு. பல்லுக்குச் செலவு பண்றது சரியா, பெரியவங்க சொல்லுங்க."

இரண்டு மூன்று பேர் உடம்பு விஷயம், விளையாடாதீர்கள், போய்ப் பாருங்கள் என்றுதான் எழுதினார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. நான் எழுதியது இது:

"முப்பத்திரண்டுல ஒண்ணு போனா மூணு சதவீதம்தான் நஷ்டம். மறுபக்கத்துல மெல்லுங்க. அது சும்மாதானே இருக்கு, வாடகையா கேக்குது?"

நாற்பத்தாறு பேர் சிரித்தார்கள். நானே எண்ணினேன். குழுவின் தலைவர், அவருக்குத் 'தலைமைப் பிச்சை' என்று பேர், அதை மேலே குத்தி வைத்து 'இந்த வாரத் தீர்ப்பு' என்று போட்டார். போய்ப் பாருங்கள் என்று சொன்னவர்கள்கூடச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் மூன்றாம் கொதி எழுதினார்: "சரிங்க. மறுபக்கமே மெல்றேன். நல்ல வழி சொன்னீங்க, நன்றி உப்பு மூட்டை அவர்களே."

அன்றைக்குச் சாப்பிடும்போது அம்மா முள்ளங்கிக் கிம்ச்சியைக் கத்தரிக்கோலால் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். சின்னதா இருந்தா நிறைய இருக்கிற மாதிரி தோணும் என்றாள். அதையும் சிக்கனக் கணக்கில் எழுதிவிட்டுக் கேலி செய்தேன். குளியலறையில் உப்புத்தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் காலையிலும் மாலையிலும் கேட்டது. உப்பு மூட்டை கொடுத்த வலிக்கு உப்புத்தண்ணீர் வைத்தியம். அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் கடை சாத்தும் நேரத்தில் அம்மா வாங்கி வந்த கானாங்கெளுத்திப் பொட்டலத்தில் 'பாதி விலை' என்று மஞ்சள் ஒட்டுச்சீட்டு இருந்தது. அம்மா போர்வைக்குள் கண்ணயர்ந்து கிடந்தாள். சீட்டைக் கிழியாமல் உரித்து, பூனை மாதிரி போய், அவள் இடது கன்னத்தில் ஒட்டினேன். நன்றாக ஒட்ட வேண்டுமே என்று கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினேன்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் ஓரத்தில் தண்ணீர் வந்தது. என் விரலுக்கடியில் கன்னம் வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி சூடாகவும் உப்பலாகவும் இருந்தது. கொசு கடித்துவிட்டது என்றாள். ஜனவரியில், 'வெளியே' பொத்தான் போட்ட வீட்டில், எந்தக் கொசு அண்ணா வரும்? வந்தாலும் விறைத்தல்லவா விழும்? அப்புறம் கண்ணாடியைப் பார்த்துச் சீட்டைக் கண்டுபிடித்துச் சிரித்தாள். பரவாயில்லை, இன்னும் பாதி விலை இருக்கே என்றாள். வலப்பக்கத்தால் மட்டும் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலையில், சாக்ஸுக்கு மேல் சாக்ஸ் போட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன், நாம் வீட்டில் இருக்கிறது பாய்லருக்குக்கூடத் தெரியாது, நாம் செத்தால் 'வெளியே போனவர்கள் திரும்பவில்லை' என்றுதான் அது சாட்சி சொல்லும் என்று. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துடைத்தாள். அன்று மாலை நூலகத்தில் உட்கார்ந்து அறையைத் திறந்தால், மூன்றாம் கொதி எழுதியிருக்கிறார்:

"எங்க வீட்டுப் பொண்ணு சொல்லுது, நாங்க வீட்ல இருக்கிறது பாய்லருக்கே தெரியாதாம். செத்தாக்கூட வெளிய போனவங்க திரும்பலைன்னுதான் சாட்சி சொல்லுமாம். நாள் பூரா நெனச்சு நெனச்சு சிரிச்சேன்."

முப்பது பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். என் கடி ஜோக் எனக்கே திரும்பி வந்திருந்தது. ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது, சத்தியமாக. அப்புறம் முதுகில் பனிக்கட்டியைப் போட்ட மாதிரி இருந்தது. மேலே தள்ளித் தள்ளிப் போய்ப் பல் கேள்வியை மறுபடி படித்தேன். வேற ஒரு முக்கியமான செலவு இருக்கு. மறுபக்கமே மெல்றேன். நன்றி உப்பு மூட்டை அவர்களே. என் அம்மா எனக்கு 'அவர்களே' போட்டிருக்கிறாள், அண்ணா.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: மூன்றாம் கொதி அவர்களே, நான் சொன்னது முட்டாள்தனம், தயவுசெய்து நாளைக்கே மருத்துவரிடம் போங்கள், ஐந்து லட்சமானாலும் போங்கள். அறையில் ஒரு சட்டம் இருக்கிறது, செலவு செய்யச் சொல்லித் தூண்டுகிறவருக்கு மூன்று அறை, அப்புறம் வெளியேற்றம். அதை நான்தான் எல்லாருக்கும் ஞாபகப்படுத்திக்கொண்டிருப்பேன். நான் மூன்று தடவை எழுதினேன். மூன்று அறை விழுந்தது. தலைமைப் பிச்சை, "உப்பு மூட்டை மழையில நனைஞ்சு கரைஞ்சிடுச்சு" என்று எழுதிவிட்டு என்னைத் தூக்கி எறிந்தார். ஐம்பத்திரண்டு பேர் சிரித்தார்கள். என் தீர்ப்பைவிட ஆறு பேர் அதிகம்.

வீட்டுக்கு ஓடிவந்து நேராகக் கேட்டேன். குழுவைப் பற்றிச் சொல்லத் தைரியம் வரவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேனே, அது கொசு இல்லை, பல், வாயைத் திற என்றேன். எந்தப் பல் என்று கேட்டாள். இருப்பது முப்பத்திரண்டு, அதில் அழுகுவது எது என்று கேட்டால் நானா சொல்ல முடியும்? விடாமல் நச்சரித்த பிறகுதான், மருத்துவர் வைத்த கெடுவைச் சொல்லிவிட்டு, கடைவாய்ப் பல் என்ன அழகுக்கா இருக்கு, யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்றாள். வேர் போனால் அப்புறம் புதுப் பல் வைக்க மூன்று மடங்கு ஆகுமே என்றேன். வைக்காவிட்டால் ஒன்றுமே ஆகாதே என்றாள். பிடுங்குவது மலிவாம். அவளுடைய சிக்கனத்தோடு வாதாடி நீ ஜெயித்திருக்கிறாயா? எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, சுவரும் சில்லென்று இருந்ததால் விட்டுவிட்டேன்.

அப்படி என்ன முக்கியமான செலவு என்று கேட்டேன். அப்போதுதான் உன் பாதி வெளியே வந்தது.

நீ கிளம்பிய அன்று, முகாம் வாசலில், தொப்பியைக் கழற்றி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எங்களை அழாமல் இருக்கச் செய்வதற்காகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியவில்லை. ஐந்து வாரம் கழித்துப் பயிற்சி முடிப்பு விழாவுக்கு வரும்போது பன்றியெல்லாம் வேண்டாம், நம் நாட்டு மாட்டு விலா, மூன்று பேர் ஆறு பேர் அளவுக்குச் சாப்பிட வேண்டும், கூடவே ஒரு சூடான அறை, தரை காலைச் சுட வேண்டும் என்றாய். அம்மா சிரித்தாளே தவிர, மறக்கவில்லை. முகாமுக்குப் பக்கத்தில் ஒரு விடுதி அறை பேசி முன்பணம் அனுப்பிவிட்டாள். இறைச்சிக் கடையில் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லி வைத்துவிட்டாள். என்னிடம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பொறந்ததுலேர்ந்து அவன் வாயைத் திறந்து எதையாவது கேட்டிருக்கானா? உங்கப்பா செத்தப்பக்கூட ஷூ கிழிஞ்சிருக்குன்னு சொல்லாம நடந்தவன்டி அவன். இப்பத்தான் மொத தடவையா ஒண்ணு கேட்டிருக்கான். பல்லு எனக்கு இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு. விவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணினேன், நீ சும்மா இரு."

விவரம் தெரிந்த ஒருத்தர். இந்தத் தாளின் பின்பக்கத்தில் நாற்பத்தொன்று வாங்கியிருக்கிற ஒருத்தர்.

அப்போதே சொல்லியிருக்கலாம், அம்மா, அந்த ஒருத்தர் நான்தான் என்று. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஊரில் எல்லாருக்கும் பதில் சொன்ன வாய். நாம் இருவர் வாயும் சேர்ந்துதான் அம்மா வாயைக் கெடுத்திருக்கிறது, அண்ணா. நீ கேட்டாய், நான் தீர்ப்பு சொன்னேன், நடுவில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தாங்குகிறாள். கடிப்பதற்கும் ஒரு பக்கம்தான் இருக்கிறது. இடப்பக்கத்துக்கு அவள் 'வெளியே' பொத்தானைப் போட்டுவிட்டாள்.

நேற்று ஒரு காரியம் செய்தேன். 'கல்' என்று வேறு பேர் வைத்துக்கொண்டு அறைக்குள் மறுபடி நுழைந்தேன். சும்மா பார்த்தேன். மூன்றாம் கொதி, தலைமைப் பிச்சையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்: "உப்பு மூட்டையைத் திரும்பச் சேத்துக்கோங்க. சின்னப் பிள்ளைன்னு நெனைக்கிறேன், ஏதோ மனசு கேக்காம சொல்லிட்டாங்க. அந்த வாய் இல்லாம இங்க பொழுது போகலை. எங்க வீட்லயும் அப்படி ஒரு வாய் இருக்கு." அதற்குமேல் படிக்காமல் போனை அணைத்துவிட்டேன். பக்கத்து நாற்காலிப் பெண், ஜலதோஷமா என்று கேட்டு மூக்குத் துடைக்கக் காகிதம் நீட்டினாள்.

ஆகவே, இனி நீ செய்ய வேண்டியது. முதலில் உனக்கு ஒரு பொய் தயாரித்து வைத்திருந்தேன். விழாவுக்கு வரும் பெற்றோருக்கு வாசலில் பல் பரிசோதனை உண்டு, சொத்தைப் பல் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள், அது பட்டாளச் சட்டம் என்று நீ சொல்ல வேண்டும். இன்னொன்றும் இருந்தது: நீ மாட்டிறைச்சி ஒவ்வாமல் உடம்பெல்லாம் தடித்துப் போய்விட்டதாகச் சொல்வது. இரண்டையும் அடித்துவிட்டேன். என் குறும்பால் வந்தது இது, குறும்பாலேயே போகாது. போன ஞாயிறு கட்டைவிரலால் அழுத்தியபோதே எனக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

உள்ளதைச் சொல். விலா வேண்டாம், பன்றியே போதும் என்று மட்டும் சொல்லாதே. பிள்ளை நமக்காக விட்டுக்கொடுக்கிறான் என்று இன்னும் இரண்டு கிலோ சேர்த்து வாங்குவாள். நீ கேட்டதை அவள் தட்டமாட்டாள். ஆகவே கேள். உன் வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக வாயைத் திறந்து ஒன்றைக் கேள். விழா அன்று அம்மா இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று கேள். மாட்டிறைச்சிக் கடைக்குச் சொன்னதை மாற்ற இன்னும் நாள் இருக்கிறது. அறைக்குக் கொடுத்த முன்பணம் திரும்ப வருமா என்று நான் விசாரித்துவிட்டேன், வருமாம். அன்றைக்குத் தரை காலைச் சுட வேண்டுமென்றால் நான் வீட்டுப் பாய்லரில் 'வெளியே'யை எடுத்துவிடுகிறேன், இங்கேயே வா, முட்டைச் சோறு செய்து தருகிறேன். அம்மா அடித்தால் நான் வாங்கிக்கொள்கிறேன். எப்படியும் எனக்கு மூன்று அறை பழக்கமாகிவிட்டது.

நீ பேசி முடித்த பிறகு, உப்பு மூட்டை யார் என்று அம்மாவிடம் நானே சொல்லிவிடுவேன். நீ சொல்லாதே. அது என் பங்கு.

இதை எழுதும்போது அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள், நான் கணக்குத் தாளைக் காட்டி விரட்டிவிட்டேன். எல்லாரும் நல்லா இருக்கோம், நல்லா சாப்பிடறோம்னு எழுது, அவனைக் கவலைப்பட வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாள். எழுதிவிட்டேன். அது அம்மாவின் வரி, நீ நம்ப வேண்டியதில்லை.

போன சனிக்கிழமை உனக்குக் கிடைத்த பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம், சாப்பிட்டாயா என்று அவள் கேட்டதும், சாப்பிட்டேன், நீ சாப்பிட்டாயா என்று நீ கேட்டதும், சாப்பிட்டேன் என்று அவள் பொய் சொன்னதுமாகவே போய்விட்டது. நான் பக்கத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அதில் சிக்கனம் பிடி. குளிர் எப்படி, சாப்பாடு எப்படி, தங்கை எப்படி எல்லாம் வீண்செலவு. பத்து நிமிடத்தையும் அந்த ஒரு பல்லுக்கே செலவழி. அவள் சரி என்று சொல்லும்வரை போனை வைக்காதே, அண்ணா.

உன் கால் விரல்களைப் பனியிலிருந்து பத்திரமாகப் பார்த்துக்கொள். பத்தும் வேண்டும் நமக்கு, ஒன்று போனால் பத்து சதவீதம்.

இப்படிக்கு,
வாயை அடக்கக் கற்றுக்கொண்டிருக்கும் உன் தங்கை,
நாரே.